தாத்தா பெட்டியில கிடக்கிற ஊர் ஞாபகப் பொருளை சுவருக்கு எப்படி கொண்டு வர்றது?

உங்க கேள்வியை சுருக்கி சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். காவேரிப்பட்டணத்துல தாத்தா வீட்டுல ஒரு டிரங்கு பெட்டி, தாத்தா லாரி ஓட்டினவரு, போன ஊர்ல எல்லாம் ஏதாச்சும் வாங்கிட்டு வந்து அதுல போட்டு வச்சிருக்காரு, காசி சொம்பு, கன்னியாகுமரி சிப்பி ஒட்டின கண்ணாடி, கலர் மணல் பாக்கெட், படம் போட்ட போஸ்ட்கார்டு, பஸ் டிக்கெட், அட்டை ரயில் டிக்கெட், லாட்ஜ் ரசீது. தாத்தா இப்ப இல்ல, பாட்டி இருக்காங்க. இதை வச்சு தர்மபுரியில நீங்க இருக்கிற வாடகை வீட்டு ஹாலுக்கு, நெட்ல காட்டுற பழைய டிராவல் ஸ்டைல்ல, முக்கோண கொடி எல்லாம் போட்டு ஏதாவது பண்ணணும், ஓனர் புது ஆணி அடிக்க விடமாட்டாரு, 2,000 ரூபாய்க்குள்ள முடியணும். சரிதானே?

நான் பிரேம் கடைக்காரன், பல வருஷமா இதே வேலை. நீங்க அனுப்பின போட்டோ எல்லாம் பெருசு பண்ணி பார்த்தேன், பார்த்ததும் கண்ணுல பட்டது என்னன்னா இதெல்லாம் உதிரி சாமான் கிடையாது, எல்லாமே ஒரே ரோட்டுல வாங்கினது. காசி ஒரு முனை, கன்னியாகுமரி இன்னொரு முனை. பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை வாரணாசியில இருந்து கிளம்பி ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, உங்க காவேரிப்பட்டணம், தர்மபுரி, சேலம், மதுரை, திருநெல்வேலின்னு கன்னியாகுமரி வரைக்கும் 2,300 கிலோமீட்டருக்கு மேல போன ரோடு. 2010ல நம்பர் மாத்தினப்ப நம்ம பக்கம் வர்ற பாகம் 44 ஆயிடுச்சு, அது இப்ப ஸ்ரீநகர்ல ஆரம்பிக்குது. ஆனா உங்க தாத்தா ஓட்டினது ஏழு. பெட்டியில இருக்கிறதுல முக்கால்வாசி அந்த ரோட்டுல உள்ள ஊருதான், அதனால சுவர்ல தனித்தனியா பத்து பிரேம் மாட்டுறதை விட்டுட்டு அந்த ரோட்டையே ஒரு நீள துணியில வரைஞ்சு, ஊர் ஊருக்கு அவரு வாங்கினதை வச்சிடுங்க. ஒரே துணி, ஒரே ஆணி. காலண்டர் மாட்டுற ஆணி எப்படியும் ஏற்கனவே இருக்கும், அதுலயே தொங்கிடும், ஓனர் பிரச்சினையும் அதோட முடிஞ்சுது.

ஆன்லைன்ல லண்டன் பஸ், ஈபிள் டவர், நியூயார்க்குன்னு பழுப்பு கலர்ல அச்சடிச்ச படம் செட் செட்டா விக்கிறாங்க, வாங்கி மாட்டினா வீடு அழகாதான் இருக்கும், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க வீட்டுல யாரும் போகாத ஊரு அது. போய்ட்டு வந்தவங்க கையால வாங்கின பொருள் பெட்டி நிறைய இருக்கும்போது அந்த காசை அதுல போடாதீங்க.

வேலையை தொடங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். ஒரிஜினல் எதையும் ஒட்டாதீங்க, வெட்டாதீங்க, லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க. லேமினேஷன் சூட்டுல பிளாஸ்டிக் உருகி பேப்பர்ல ஏறிடும், அப்புறம் யாராலயும் பிரிச்சு எடுக்க முடியாது. நல்ல எண்ணத்துல லேமினேட் பண்ணி, உள்ள ஈரம் போய் பழுப்பு ஏறிப் போன கல்யாண பத்திரிகை, ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் கடைக்கு கொண்டு வந்து சரி பண்ண முடியுமான்னு கேக்குறப்ப முடியாதுன்னு சொல்லவே வாய் வராது. சுவருக்கு போறது நகல் மட்டும். ஒரிஜினல் திரும்ப பெட்டிக்கே போகட்டும், ஆனா பழையபடி குவியலா இல்லாம ஒவ்வொண்ணா வெள்ளை பேப்பர் கவர்ல. ராமபாணப் பூச்சிக்கு பேப்பர்னா உயிர், இருட்டும் ஈரமும் சேர்ந்தா உள்ளயே குடும்பம் நடத்தும், அதனால பெட்டியை தரையில வைக்காம ரெண்டு செங்கல் மேலயாவது ஏத்தி வைங்க, நாலு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து காத்தாட விடுங்க.

பொருளை வெளிய எடுக்கும்போது ஈரத் துணியால துடைக்கிறது வேண்டாம், பெயிண்ட் அடிக்கிற மெல்லிசான பிரஷ் புதுசா ஒண்ணு வாங்கி தூசியை தட்டினா போதும். பாட்டியை பக்கத்துல உக்கார வச்சுக்குங்க, இது எந்த ஊரு, எந்த வருஷம், எந்த லோடு கொண்டு போனப்பன்னு அவங்க சொல்றதை கவர் மேல பென்சில்ல எழுதுங்க. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை ஊறி உள்ள இறங்கும்.

நகல் எடுக்க ஸ்கேன்தான் நல்லது, 600 டிபிஐ (ஸ்கேனோட நுணுக்க அளவு) வச்சுக்குங்க, அப்பதான் சின்ன டிக்கெட்டை ரெண்டு மடங்கு பெருசாக்கினாலும் எழுத்து உடையாது. ஸ்கேனர் இல்லன்னா ஜன்னல் பக்கம் வெயில் நேரா விழாத வெளிச்சத்துல தரையில வச்சு போனை நேர் மேலயிருந்து பிடிச்சு எடுங்க, பிளாஷ் போடாதீங்க. பிரிண்ட் போடும்போது கலர் லேசர் பிரிண்ட்டான்னு ஜெராக்ஸ் கடையில கேட்டுட்டு போடுங்க. வீட்டுல இருக்கிற இன்க்ஜெட் பிரிண்ட் பெரும்பாலும் பசை ஈரம் பட்டதும் கலர் கரைஞ்சு ஓடும், லேசர்ல தூள் சூட்டுல உருகி பேப்பர்ல பிடிச்சிருக்கும், தண்ணி பட்டாலும் அசையாது. 100 ஜிஎஸ்எம் (பேப்பரோட கன அளவு) சாதா பேப்பர் போதும், பளபள பேப்பர் வேண்டவே வேண்டாம், பழைய பொருளோட முகமே அதுல செத்துப் போகும்.

போஸ்ட்கார்டுல எல்லாரும் படம் இருக்கிற பக்கத்தை மட்டும் நகல் எடுக்குறாங்க. நீங்க ரெண்டு பக்கமும் எடுங்க. நீங்க அனுப்பினதுல மதுரை மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் போட்ட கார்டு ஒண்ணு இருக்கு, அதோட பின்பக்கம் பென்சில்ல "லோடு இறங்கல, வெள்ளிக்கிழமை வர்றேன், மாட்டுக்கு தவிடு வாங்கி போடு"ன்னு எழுதியிருக்காரு, மேல அஞ்சல் முத்திரை பாதி தேய்ஞ்சு மதுரைன்னு மட்டும் தெரியுது, 'வெள்ளி' வர்ற இடத்துல பென்சில் முனை அழுந்தி கார்டே லேசா குழிஞ்சிருக்கு. கோபுரப் படம் எந்த கடையிலயும் கிடைக்கும். இந்த மூணு வரி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு, துணியில மதுரை வர்ற இடத்துல இதைத்தான் பெருசா போடணும், கோபுரம் பக்கத்துல சின்னதா இருந்தா போதும்.

டிக்கெட் விஷயம். அந்த தடிமன் அட்டை ரயில் டிக்கெட், இங்கிலாந்துல தாமஸ் எட்மண்ட்சன்னு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் 1830கள்ல கொண்டு வந்த முறை, உலகம் பூரா பரவி நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் டிக்கெட் வர்ற வரைக்கும் அதுதான் ஓடுச்சு. அளவு சுமார் 57க்கு 30 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள்ள அடங்கும், தேதியை அதுக்குன்னு இருக்கிற மெஷின்ல விட்டு அழுத்தி குத்துவாங்க, அந்த குத்து நகல்ல தெரியணும்னா ஸ்கேன் பண்ணும்போது கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏத்துங்க. பஸ் டிக்கெட்ல அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம்னு போட்டிருக்கிறது நம்ம தர்மபுரி கழகத்தோட அந்தக் கால பேரு, 1997ல எல்லா கழகத்துக்கும் இருந்த தலைவர்கள் பேரை எடுத்துட்டு பொதுவா தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்னு ஆக்கினாங்க, அதனால அது அந்த வருஷத்துக்கு முன்னாடி வாங்கின டிக்கெட்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம். நீங்க இப்ப போற பஸ்ல மெஷின்ல வர்ற டிக்கெட்டையும் சேர்க்கணும்னா வாங்கின வாரமே ஸ்கேன் பண்ணிடுங்க, அது சூட்டுல எழுத்து வர்ற பேப்பர், மையே கிடையாது, கொஞ்ச மாசத்துல வெறும் வெள்ளையாயிடும்.

இப்ப துணி. ஜவுளிக் கடையில காடாத்துணி கேளுங்க, வெளுக்காத பருத்தி, விலையும் கம்மி. ஒண்ணரை அடி அகலம் அஞ்சடி நீளம் தேவைன்னா ரெண்டு அடிக்கு ஆறடி வாங்குங்க, துவைச்சா சுருங்கும். முதல்ல சுடுதண்ணியில ஊற வச்சு கஞ்சி போக அலசணும், கஞ்சி இருந்தா சாயமும் பிடிக்காது பூச்சியும் வரும். அப்புறம் டீத்தூள் டிகாஷன், நாலு கைப்பிடி டீத்தூளை ஒரு பெரிய பாத்திரம் தண்ணியில நல்லா கொதிக்க விட்டு வடிகட்டி அதுல கொஞ்சம் படிகாரத் தூள் கலந்து துணியை அரை மணி நேரம் முழுசா முங்க வைங்க, நடுவுல பிரட்டி விடுங்க, இல்லன்னா திட்டு திட்டா நிக்கும். நிழல்ல காய வச்சு இஸ்திரி போட்டா பழைய வரைபடத் துணி கலர் வந்துடும். மஞ்சள் தூள் போட்டா இன்னும் நல்லா இருக்கும்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க, மஞ்சள் வெளிச்சத்துல நிக்காது, சீக்கிரமே வெளிறிடும். காய்ஞ்ச துணிக்கு பின்பக்கம் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து அகல பிரஷ்ல ஒரு கோட் அடிச்சு இழுத்து கட்டி காய விடுங்க, துணி விறைப்பாயிடும், ஓரம் பிரியாது.

மேலயும் கீழயும் ஒவ்வொரு மரக் கம்பு, பள்ளிக்கூடத்துல தொங்குற இந்தியா மேப்புல இருக்குமே அதே மாதிரி. ஒரு இஞ்ச் ரீப்பர் மரக்கடையில வெட்டி குடுப்பாங்க, இல்லன்னா நேரா இருக்கிற மூங்கில். கீழ் கம்பு கொஞ்சம் கனமா இருக்கணும், அப்பதான் துணி இழுத்து நேரா நிக்கும், ஃபேன் காத்துல ஆடாது.

ரோடு வரையறதுக்கு ஸ்கேல் கணக்கு பார்க்காதீங்க. நிஜ அளவுல வரைஞ்சா காசியில இருந்து நாக்பூர் வரைக்கும் மூணுல ஒரு பங்கு துணி காலியா கிடக்கும், நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும். பழைய பயணப் புத்தகத்துல ரோட்டை ஒரு பட்டையா வரைஞ்சு ஊரை வரிசைப்படி மட்டும் காட்டுவாங்க, அந்த முறைதான் உங்களுக்கு. மேல காசி, கீழ குமரி, தாத்தா அதிகமா நின்ன ஊருக்கு அதிக இடம், சும்மா கடந்து போன ஊருக்கு பேரு மட்டும். ரோடு ஒரு இஞ்ச் அகலம், கருப்பு அக்ரிலிக், காய்ஞ்ச பிறகு நடுவுல வெள்ளை கோடு விட்டு விட்டு. நேர்கோடா வேண்டாம், தொப்பூர் கணவாய் வர்ற இடத்துல நல்லா வளைச்சு விடுங்க, லாரி ஓட்டினவங்க வீட்டுல அந்த வளைவு இல்லாம ரோடு வரைஞ்சா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஊர் பேருக்கு மைல்கல் வடிவம் வெட்டி ஒட்டுங்க, தேசிய நெடுஞ்சாலைக்கு தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்கு தலை பச்சை, கீழ வெள்ளை, அதனால ஏழாம் நம்பர் ரோட்டு கல்லெல்லாம் மஞ்சத் தலை, ஒகேனக்கல் மாதிரி பிரிஞ்சு போற ஊருக்கு பச்சைத் தலை வச்சா பார்க்கவும் வித்தியாசம் தெரியும்.

பேப்பர் ஒட்டும்போது பொறுமை வேணும். ஃபெவிகாலை தண்ணி விட்டு மோர் பதத்துக்கு கொண்டு வாங்க, பிரிண்ட்டோட முதுகுல தடவி உடனே ஒட்டாம ரெண்டு மூணு நிமிஷம் விட்டுடுங்க. பேப்பர் ஈரத்துல கொஞ்சம் விரியும், விரியுறதுக்கு முன்னாடி ஒட்டினா ஒட்டின பிறகு விரிஞ்சு குமிழ் குமிழா எழும்பும், எல்லாரும் பசை சரியில்லன்னு நினைக்கிறாங்க, பசை மேல தப்பே இல்ல. விரிஞ்ச பிறகு நடுவுல இருந்து வெளிப்பக்கமா காய்ஞ்ச துணியால தேய்ச்சு விட்டு, மேல பட்டர் பேப்பர் போட்டு ஒரு பலகை வச்சு ராத்திரி பூரா கனம் ஏத்தி வைங்க. எதையாவது தனியா அட்டையில ஒட்டுறதா இருந்தா அட்டைக்கு பின்பக்கமும் அதே அளவு ஒரு வெத்து பேப்பரை அதே பசையில ஒட்டணும், இல்லன்னா காயும்போது ஒரு பக்கம் இழுத்து அட்டை வில்லா வளையும்.

நீங்க ஆசைப்பட்ட முக்கோண கொடிக்கு வர்றேன். அமெரிக்காவுல காலேஜ் விளையாட்டுக்கு கம்பளி ஃபெல்ட் துணியில கொடி வெட்டினாங்க, அப்புறம் சுத்துலா ஊருல எல்லாம் ஊர் பேரும் ஒரு சின்ன படமும் போட்டு விக்க ஆரம்பிச்சாங்க, போன நூற்றாண்டு நடுவுல வரைக்கும் அதுக்கு நல்ல ஓட்டம். ஃபெல்ட் நெய்த துணி கிடையாது, இழையை அமுக்கி செஞ்சது, எந்தப் பக்கம் வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் மடிச்சு தைக்க வேண்டாம், வீட்டுல பண்றதுக்கு அதனாலதான் இவ்வளவு லேசு. டெய்லரிங் சாமான் கடையிலயும் ஃபேன்சி ஸ்டோர்லயும் கிடைக்கும், பாலியஸ்டர் ஃபெல்ட்தான் கிடைக்கும், பரவாயில்ல, இஸ்திரி போடும்போது மட்டும் சூட்டை குறைச்சு மேல ஒரு பருத்தித் துணி போட்டு போடுங்க, நேரா வச்சா உருகிடும்.

துணியோட பக்கத்துல தனியா ஒரு பெரிய கொடி தொங்கட்டும், அது ஒகேனக்கல். தாத்தா ரோட்டுல இல்லாட்டியும் நம்ம ஜில்லாவுல பிறந்தவங்க சுவர்ல அது இல்லாம எப்படி. நீளம் ரெண்டடி, அகலமான பக்கம் ஒம்பது இஞ்ச், முதல்ல நியூஸ் பேப்பர்ல வெட்டி சுவர்ல வச்சு பாருங்க. அடித் துணி கரும்பச்சை, எழுத்து சந்தனக் கலர், அகலப் பக்க ஓரத்துல கடுகு மஞ்சள்ல ஒரு இஞ்ச் பட்டி, பட்டியோட மேல் முனையிலயும் கீழ் முனையிலயும் கட்டுறதுக்கு அதே துணியில ரெண்டு நாடா. மூணு கலர், அதுக்கு மேல போகாதீங்க. படம் அகலப் பக்கம் வரணும், எழுத்து அதுக்கு அப்புறம் ஆரம்பிச்சு முனை பக்கம் போகப் போக சின்னதாகணும், 'ஒ' நாலு இஞ்ச் உயரம்னா கடைசி 'ல்' ஒண்ணரை இஞ்ச் வந்து நிக்கும், அந்த சாய்வுலதான் பழைய கொடியோட கம்பீரமே இருக்கு. எழுத்தை கம்ப்யூட்டர் ஃபான்ட்ல எடுக்காம கடை போர்டு எழுதுறவர் பாணியில தடியா, முனை மழுங்கலா வரைங்க, மெல்லிசா இருந்தா ஃபெல்ட்ல வெட்ட வராது. 'கே' முன்னாடி வர்ற கொம்பும் மேல வர்ற புள்ளியும் தனித் துண்டு, அதை கடைசியா ஒட்டுங்க, இல்லன்னா இடம் தள்ளிப் போயிடும். புள்ளிக்கு பேப்பர் பஞ்ச் சின்னதா வெட்டும், செருப்பு பெல்ட் தைக்கிறவர்கிட்ட பெரிய ஓட்டை போடுற உளி இருக்கும், நாலு புள்ளி குத்தி குடுங்கன்னா குடுப்பாரு.

படத்துக்கு அருவியை முழுசா வரைய முயற்சி பண்ணாதீங்க, வராது. ஒரு பரிசல் போதும். மேலயிருந்து பார்த்தா வட்டம், உள்ள மூங்கில் பிளாச்சு குறுக்கும் நெடுக்கும், முன்னாடி தோல் போர்த்தி கட்டினாங்க, இப்ப பிளாஸ்டிக் சீட்டு போர்த்தி தார் பூசுறாங்க. கருப்பு வட்டம் ஒண்ணு வெட்டி அதுல சந்தனக் கலர் ஃபெல்ட்டை மெல்லிசு பட்டையா வெட்டி கூடை முடையுற மாதிரி மேல கீழ விட்டு ஒட்டுங்க, ஒரு ஓரத்துல ஒரு துடுப்பு. தொட்டா மேடு பள்ளமா விரலுக்கு தெரியும், குழந்தைங்க வந்தா முதல்ல கை வைக்கிறது அங்கதான்.

பத்து கொடி வேணும், சொந்தக்காரங்களுக்கும் குடுக்கணும்னா கையால வெட்டாதீங்க, கல்யாணத்துக்கு தாம்பூலப் பையில பேர் அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் கடைக்கு போங்க, அதே ஸ்கிரீன் அதே மை ஃபெல்ட்லயும் பிடிக்கும், துணியை மட்டும் நீங்களே வாங்கி குடுத்துடுங்க.

துணியில நம்ம ஊர் பகுதிக்கு, அதாவது ஓசூர்ல இருந்து தர்மபுரி வரைக்கும், தாத்தா எதுவும் வாங்கியிருக்க மாட்டாரு, சொந்த ஊர்ல யாரு ஞாபகப் பொருள் வாங்குவா. அந்த இடத்தை நீங்களே வரைஞ்சு நிரப்புங்க, பழைய டிராவல் போஸ்டர் பாணியில. அந்த போஸ்டர் ஏன் அப்படி தட்டையா, நாலஞ்சு கலர்ல மட்டும் இருக்குன்னு கவனிச்சிருக்கீங்களா? லித்தோ அச்சுல ஒவ்வொரு கலருக்கும் ஒரு தனி கல்லு, கலர் கூடக் கூட கல்லும் கூடும் செலவும் கூடும். அதனால நிழலை எல்லாம் ஒரே ஒரு அழுத்தமான கலர் திட்டா மாத்தினாங்க, 1920, 30கள்ல பிரான்ஸ்ல ரயில் கம்பெனிக்கு ரோஜர் புரோடர்ஸ் வரைஞ்ச போஸ்டரை எங்கயாவது பார்த்தீங்கன்னா மலை, கடல், நிழல் மூணும் மூணு திட்டா இருக்கும், ஆனாலும் வெயில் சுடுறது தெரியும். நீங்களும் அதையே பண்ணலாம், கலர் சார்ட் அட்டையை வெட்டி அடுக்கினாலே போதும், வரையத் தெரிய வேண்டியதில்ல.

கிருஷ்ணகிரி படத்துக்கு, முன்பக்கம் பெருசா ஒரு மாங்காய், கிளிமூக்கு ரகம், அந்த வளைஞ்ச மூக்கு தெரியணும், பின்னாடி கோட்டை மலை ஒரே சாம்பல் திட்டா, மேல இளமஞ்சள் வானம். மலையை வரைய நேர்ல எடுத்த போட்டோவை கருப்பு வெள்ளையில பிரிண்ட் போட்டு விளிம்பை மட்டும் கார்பன் வச்சு எடுங்க, நம்ம பாறை மலையோட வெட்டு வெட்டான விளிம்பு கற்பனையில வராது. ராயக்கோட்டைக்கும் அப்படித்தான். தர்மபுரிக்கு அதியமான் அவ்வையாருக்கு குடுத்த நெல்லிக்கனி, பச்சை உருண்டையில ஆறு கோடு, அவ்வளவுதான். ஓசூருக்கு சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் கோபுர விளிம்பு. கோயில் விளிம்பு வரையும்போது அது மேல வேற எதுவும் ஒட்டி மறைச்சுடாதீங்க, பாட்டி மனசு சங்கடப்படும்.

இன்னொரு யோசனை, நீங்க கேக்கல, ஆனா சொல்லாம இருக்க முடியல. போன நூற்றாண்டு ஆரம்பத்துல திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூர்ல இருந்து தர்மபுரி வழியா ஓசூருக்கும் ரெண்டரை அடி அகல சின்ன ரயில் பாதை இருந்துச்சு, சுதந்திரத்துக்கு முன்னாடியே மூடிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. அந்த ரயிலுக்கு ஒரு போஸ்டர் நீங்க வரைங்க, ஒரு குட்டி நீராவி இஞ்சின், பின்னாடி கோட்டை மலை, கீழ "திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி"ன்னு எழுத்து. வர்றவங்க எல்லாரும் இங்க ரயில் ஓடுச்சான்னு கேப்பாங்க, பாட்டியோட அம்மா காலத்து கதை எல்லாம் அங்க இருந்து கிளம்பும்.

ஊர் பேர் எழுத்துக்கு உள்ளயே ஊர் படம் வர்ற மாதிரி ஒரு போஸ்ட்கார்டு பாணி உண்டு, சிகாகோவுல கர்ட் டெய்க் கம்பெனி 1930, 40கள்ல லட்சக்கணக்குல அடிச்சது. அதை கன்னியாகுமரிக்கு வச்சுக்கலாம், எழுத்து ஒவ்வொண்ணும் மூணு இஞ்சுக்கு குறையாம இருந்தாதான் உள்ள படம் தெரியும், தாத்தா எடுத்துக்கிட்ட போட்டோ இருந்தா 'க' உள்ள அவரு வரட்டும்.

சிப்பி கண்ணாடியும் மணலும் துணியில வராது, கனம். அதுக்கு ரெண்டு இஞ்ச் ஆழத்துல ஒரு பாக்ஸ் பிரேம், எந்த பிரேம் கடையிலயும் செஞ்சு குடுப்பாங்க, செலவுல பெருசு இதுதான், ஆனாலும் பட்ஜெட்டுக்குள்ள அடங்கும். சிப்பியை வெறும் தண்ணியில நனைச்ச பஞ்சால துடைங்க, எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் படக்கூடாது, சிப்பி சுண்ணாம்பு, புளிப்பு பட்டா பொங்கி மினுமினுப்பு போயிடும். மணல் பாக்கெட் பிளாஸ்டிக் இத்தனை வருஷத்துல நொறுங்கத் தயாரா இருக்கும், மெதுவா பிரிச்சு கலர் கலரா சின்ன கண்ணாடி பாட்டில்ல மாத்துங்க, அந்த கருப்பு மணல் இல்மனைட், சிவப்பு கார்னெட், ரெண்டும் அந்த கடற்கரையில இயற்கையாவே கிடைக்கிற தாது. பாட்டிலை கார்க் போட்டு பாக்ஸ் உள்ள பின்பலகையில மெல்லிசு செப்புக் கம்பியால கட்டுங்க, பசை போடாதீங்க, நாளைக்கு எடுக்கணும்னா எடுக்கலாம். கண்ணாடி பொருளைத் தொடாம அரை இஞ்சாவது இடைவெளி விடச் சொல்லுங்க, மழைக்காலத்துல உள்ள வேர்க்கும்.

இந்த பாக்ஸை சுவர்ல மாட்ட ஆணி தேடாதீங்க. ரெட்டை பக்க டேப் போட்டு ஒட்டலாமான்னு கேட்டிருந்தீங்க, வாடகை வீட்டு சுவர்ல பெரும்பாலும் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோதான் இருக்கும், டேப் சுவரைப் பிடிக்காது, மேல இருக்கிற பூச்சைத்தான் பிடிக்கும், கனம் தாங்காம பூச்சோட பெயர்ந்து விழும், கண்ணாடி உடையும், ஓனரும் சண்டைக்கு வருவாரு. துணிக்கு கீழ ஒரு ஸ்டூலோ குட்டி ஷெல்ஃபோ போட்டு அதுல சாய்ச்சு வைங்க. காசி சொம்பும் அங்கயே வரலாம், ஆனா அதை முத்திரை உடைக்காம, புளி போட்டு பளபளன்னு தேய்க்காம அப்படியே வைங்க, வைக்கலாமா பூஜை அறையில இருக்கட்டுமான்னு பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.

துணி மாட்டுற சுவருக்கு மேற்கு வெயில் நேரா விழக்கூடாது, சமையல்கட்டுக்கு எதிர் சுவரும் வேண்டாம், தாளிக்கிற எண்ணெய்ப் புகை துணியில படிஞ்சா போகாது. உயரத்துக்கு, நின்னு பார்க்கிற வீட்டுல படத்தோட நடுப்பகுதி தரையில இருந்து அஞ்சடி கிட்ட வைப்போம், உங்க வீட்டுல பாட்டி வந்தா பாயில உக்காருவாங்கன்னா அரை அடி இறக்குங்க, தர்மபுரி பகுதி அவங்க கண்ணுக்கு நேரா வரட்டும். வீடு மாறும்போது கம்போட சுருட்டி எடுத்துட்டு போகலாம், ஆனா படம் வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி சுருட்டுங்க, உள்பக்கமா சுருட்டினா ஒட்டின பேப்பர் நசுங்கி மடிப்பு விழுந்து எழும்பிடும், அதை திரும்ப படிய வைக்க முடியாது.